ராசம்மாவின் தட்டு

கரப்பான் பூச்சி குடியேறிய வீட்டைக் கண்டுபிடிக்கப் பூச்சியைப் பார்க்க வேண்டியதில்லை. அடுப்படி மூலையில் இடித்த மிளகுபோல எச்சம் கிடக்கும். பலகை இடுக்கில் கருஞ்சிவப்புக் காராமணிபோல முட்டைக்கூடு ஒட்டியிருக்கும். எண்ணெய்ச் சிக்கு நாற்றம் அடிக்கும். பகலிலேயே பூச்சி ஓடினால், உள்ளே இடம் போதாத அளவுக்குப் பெருகிவிட்டது என்று பொருள்.

1927-இல் மலாயாவில், சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், கூலிகள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லயத்தில் இதையெல்லாம் முதலில் கவனித்தவன் நான்தான். லாலான் என்ற களைப்புல்லைக் கொல்ல மருந்தடிப்பது என் வேலை. அந்த வெள்ளைப் பாஷாணத் தூள் என் அறையில்தான் பெட்டிக்குள் இருக்கும்.

ஆற்று வெள்ளம் வடிந்தபின் வந்த காய்ச்சலில் என் மனைவி ராசம்மா இறந்தாள். பதினாறாம் நாள் காரியத்தோடு படையலை நிறுத்தச் சொன்னார்கள். நான் நிறுத்தவில்லை. தினமும் விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் அவள் தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போவேன். மத்தியானம் திரும்பும்போது ஓரத்தில் சோறு குறைந்திருக்கும். அவள் எப்போதும் ஓரத்திலிருந்துதான் சாப்பிடுவாள்.

பக்கத்து அறையில் காளியப்பனும் அவன் மனைவி வெள்ளையம்மாவும் இருந்தார்கள். நடுவில் இருந்த பலகைத் தடுப்பு கூரைவரை எட்டாது. அவர்கள் மாட்டுக்காக வாங்கி வைத்திருந்த புண்ணாக்குச் சாக்கிலிருந்துதான் பூச்சி வருகிறது என்று வெள்ளையம்மாவிடம் சொன்னேன்.

அவள் சிரித்தாள். "சாக்க ஒதறிப் பாருங்கண்ணே. ஒண்ணு விழுந்தா என் பேர மாத்திக்கிறேன். தெனம் கருவாட்டுக் கொழம்போட விருந்து வச்சுக் கூப்பிடுறது நீங்க."

"அது ராசம்மாவுக்கு வைக்கிறது."

"அக்கா எங்கண்ணே சாப்பிடுறாங்க? கரப்பான்தான் சாப்பிடுது. நீங்கதான் பட்டினியா தேய்ஞ்சு போறீங்க."

சாக்கை உதறினேன். ஒன்றும் விழவில்லை. முன்கூட்டியே சுத்தம் செய்து வைத்திருக்கிறாள் என்று விளங்கியது.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. மத்தியானம் நான் வந்தபோது என் அறைக்குள் விளக்குமாறோடு நின்றிருந்தாள். ராசம்மாவின் தட்டைச் சுற்றிக் கரப்பான்கள் மல்லாந்து கிடந்தன.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. ஒங்க பெட்டியிலேர்ந்து ஒரு சிட்டிக எடுத்து அக்கா சோத்துல தூவினேன். எண்ணிப் பாருங்க, நாப்பதுக்கு மேல இருக்கும்." நல்ல சேதி சொல்வதுபோலச் சொன்னாள்.

தட்டைக் கழுவி வைத்தேன். அடுத்த நான்கு நாளும் வைத்த சோறு வைத்தபடியே இருந்தது.

இதைப் படிப்பவர் நிதானமாக யோசிக்க வேண்டும். என் மனைவி ஆறு மாதம் தவறாமல் வந்தாள். அவள் சோற்றில் ஒருத்தி விஷம் வைத்தாள். அதன்பின் அவள் வரவில்லை. இதற்குக் கொலை என்பதைத் தவிர வேறு பெயர் இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

ஐந்தாம் நாள் வெள்ளையம்மா சாணி அள்ளப் போயிருந்தபோது, அவளுடைய கஞ்சிச் சட்டியில் அதே தூளைக் கலந்தேன். காளியப்பன் வேலைக்குப் போயிருந்தான். அவன்மேல் எனக்குப் பகை இல்லை. அதனால்தான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் வாந்திபேதி என்று எழுதிக்கொண்டு போனார். பாடைக்கு மூங்கில் வெட்டியவன் நான். அன்று எனக்கு வருத்தமில்லை. இதை எழுதும்போதும் இல்லை. யாரிடமும் மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

பதினாறு கழிந்த மறுநாள் காளியப்பன் என் கையைப் பிடித்துத் தன் அறைக்குள் இழுத்துப் போனான். வெள்ளையம்மாவுக்கு வைத்திருந்த சோற்றைக் காட்டினான்.

"கொறஞ்சிருக்கு பாருங்கண்ணே. அவ வந்திருக்கா. அக்கா வர்றாங்கன்னு நீங்க சொன்னப்ப நாங்க ரெண்டு பேரும் சிரிச்சோம்," என்று அழுதான்.

குனிந்து பார்த்தேன். எனக்கு ஒரு நொடி போதும்.

"கரப்பான் தின்னுருக்கு, தம்பி," என்றேன். "செத்தவங்க வந்து சாப்பிட மாட்டாங்க."