தடித்து வந்த அம்பு

சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகும் பஸ். முன் இருக்கையில் இருந்தவர் மனைவியின் மடியில் விரித்திருந்த பிஎச்.டி. ஆய்வுப் படத்தைப் பார்த்துக் கேட்டார்: "அம்முணி, இதுல ஊட்டு நிம்மதி எங்க இருக்குது?"

"இந்த வட்டந்தானுங்க. நிம்மதிய நேரா அளக்க முடியாதுங்க. உங்கள மாதிரி போர்வெல் லாரிக்காரங்க ஊட்டுப் பொம்பளைங்ககிட்ட நாலு கேள்வி கேட்டனல்லங்க, அத வெச்சு சாப்ட்வேர் கணிக்குது."

"இந்தத் தடி அம்பு?"

"வெளியூர்ல இருந்து நீங்கல்லாம் தெனமும் போன்ல பேசறது ஊட்டு நிம்மதிய நல்லாவே கூட்டுதுங்கறதுங்க. கைடு இத எடுத்துருன்னாருங்க. நான் மாட்டேன்னுட்டேன். இன்னைக்கு அவரு முன்னாலயே ரெண்டு விதமாவும் ஓட்டிக் காட்டினேன். எடுத்தா அந்தப் பொம்பளைங்க சொன்ன பதிலோட மாடல் பொருந்தல, வெச்சாப் பொருந்துது."

"அவரு என்ன சொன்னாரு?"

"'நீ சொன்னதுதாம்மா சரி, இப்படியே தீசிஸ்ல எழுது'ன்னுட்டாருங்க."

அவர் உடனே கூட்டாளி ஒருவரைப் போனில் அழைத்தார்.

"மாப்ள, லாரிய ஓரங்கட்டிட்டு மொதல்ல ஊட்டுக்குப் பேசு. ஏன்னா கேக்கற? எம்பட பொண்டாட்டி நிரூபிச்சிருக்கறாடா!"

"மெதுவாப் பேசுங்க, பஸ்ஸே பாக்குது."

"பாக்கட்டும் அம்முணி, நல்லாப் பாக்கட்டும்."