ரெண்டு வீட்டுக்கும் ஒரே எழுத்து

ஒயர் கோளாறுன்னு மட்டும் எழுதிடாதீங்க தம்பி. எரிஞ்சுபோன அந்த வீட்டு ஒயரிங் நான் பண்ணது. முப்பத்தோரு வருஷம் டெலிபோன் கம்பெனிக்காகக் கம்பம் ஏறினவன். தீ எப்படிப் பிடிக்கும்னு ஃபயர் சர்வீஸ்ல உங்களுக்குச் சொல்லிக் குடுத்திருப்பாங்க, நான் இல்லேங்கல. என் ஒயர்ல பிடிக்காது.

பூட்ஸைக் கழட்ட வேணாம், உக்காருங்க. இந்த டுலூத் ஊர்க் குளிர்ல நின்னுக்கிட்டே பேசுனா எப்படி? தெல்மாவா? பக்கத்து வீடு, பன்னெண்டு வருஷப் பழக்கம். தீக்காயத்தோட மூணு நாள் ஆஸ்பத்திரியில அப்படிக் கெடந்து உசுரு போயிருக்க வேணாம்.

அவங்க புருஷன் குன்னார் செத்த வருஷம், கிறிஸ்துமஸுக்கு நான்தான் அஞ்சு பெட்டி வாங்கிக் குடுத்தேன். சின்னப் பெட்டி. சுவத்துல சொருகி, அதுல விளக்கைச் சொருகணும். முட்டி வலிக்காரங்க, எந்திரிக்காமலே கையில இருக்கிற ரிமோட் பட்டனைத் தட்டினா லைட் எரியும். என் வீட்டுலயும் அதேதான், ஆனா இங்க எல்லாத்தையும் கீழ பேஸ்மென்ட்ல இருக்கிற கம்ப்யூட்டர் பாத்துக்கும். அஞ்சு மணிக்கு ஹால் லைட், காலையில காபி மெஷின். கட்டின பொண்டாட்டிகூட இவ்வளவு சொன்ன பேச்சு கேட்டதில்ல.

அதுக்குத்தான் வரேன், இருங்க. பெட்டியில சின்னதா ஒரு திருகு இருக்கும், பதினாறு எழுத்து. வீட்டுக்கு வீடு எழுத்தை மாத்தி வெக்கணும். கடையிலேருந்து வரும்போது எல்லாம் ‘ஏ’லதான் இருக்கும். எங்க ரெண்டு வீட்டுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர். எழுத்து ஒண்ணா இருந்தா, நான் இங்க சொல்றது கரண்ட் கம்பி வழியா அங்கயும் போயிடும். என் விளக்கு அணைஞ்சா அவங்க விளக்கும் அணையும். மாத்த மறந்துட்டேன். கம்பம் ஏறினவன் மறக்கக் கூடாது, மறந்துட்டேன்.

மொத தடவை குன்னாரோட பெரிய பூட்ஸை மாட்டிக்கிட்டு பனியில வந்து நின்னாங்க. கையில நூடுல்ஸும் டூனா மீனும் போட்டு வேக வெச்ச தட்டு. லோவெல்னு என்னைக் கூப்பிட்டு, விளக்கு தானா அணையுது, குன்னார் வந்திருக்காரான்னு கேட்டாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. போய் எல்லாத்தையும் தட்டிப் பாத்தேன். அப்புறம் இங்க கூட்டிட்டு வந்து காபி குடுத்தேன். மூணு மணி நேரம் பேசிட்டு இருந்தாங்க.

மறுநாளே எனக்குப் புரிஞ்சுடுச்சு. திருகைத் திருப்பினா முடிஞ்சுது. அரை நிமிஷ வேலை.

இல்ல, திருப்பல.

என் மகன் ஈஸ்டருக்கு ஒரு போன் பண்ணுவான் தம்பி. இந்தக் கதவை வேற யாரு தட்டுறா? அவங்க வராத வாரம் நானே கீழ போய் அணைப்பேன். அவங்க தட்டி எரிய வெச்சா, மறுபடி அணைப்பேன். வந்துடுவாங்க. ஒயர்ல ஒண்ணும் இல்ல தெல்மான்னு சொல்லுவேன். அது பொய்யில்லையே. அப்ப குன்னார்தான்னு அவங்களா முடிவு பண்ணிட்டாங்க. தூக்கம் போச்சு, முகம் வத்திப் போச்சு. எனக்குத் தெரியாம இல்ல. இன்னொரு கப் காபி ஊத்தினேன்.

மெழுகுவத்தியா? சத்தியமா எனக்குத் தெரியாது. இருட்டுல விழுந்துடுவோம்னு பயந்து ரூமுக்கு ரூம் வாங்கி வெச்சிருந்தாங்களாம். அவங்க மக நேத்து சொல்லித்தான் தெரியும்.

தீப்பிடிச்ச அந்தச் செவ்வாக்கிழமையோட அவங்க இங்க வந்து ஒம்போது நாளாச்சு, ஆளையே காணோம். சாயந்திரம் அஞ்சு மணி, வெளிய இருட்டிடுச்சு. கீழ போய் அஞ்சு விளக்கையும் அணைச்சேன். மேல வந்து ரெண்டு கப் எடுத்து வெச்சேன். ஜன்னல் வழியா பாத்தா, அவங்க ஹால்ல சின்னதா ஒரு வெளிச்சம் இப்படியும் அப்படியும் ஆடுது. டார்ச் எடுத்துக்கிட்டு கிளம்பிட்டாங்கன்னு நினைச்சேன். கதவைத் திறந்து வெச்சுட்டு இங்கயே உக்காந்துட்டேன்.