ஓசூரில் தேடிய மாம்பழம்

ஹலோ... ஹலோ, ஓசூர் கம்ப்யூட்டர் சென்டருங்களா? தீர்த்தகிரியக் கொஞ்சம் கூப்புடுங்கண்ணா... கூடப் படிக்கற சரசுன்னு சொல்லுங்க... அவசரம்ணா...

ஆங், தீர்த்தகிரி! கிருஷ்ணகிரி மாங்கூழ் ஃபேக்டரியிலருந்து பேசறேன்... இல்லப்பா, வேலை இன்னும் குடுக்கல. வெப் பேஜக் காட்டுனாத்தான் வேலை. காட்டுனா, மாம்பழப் படம் ஒண்ணுகூட வரல! எல்லாம் வெத்துக் கட்டம், மூலையில செவப்புப் பெருக்கல் குறி... ஆமா... ஆமா, நேத்து சென்டர்ல நல்லா வந்துச்சே, நீயுந்தான பாத்தே!

...இருக்கு, எட்டுப் படமும் ஃப்ளாப்பிலயே இருக்கு... பதினோரு மணிக்கு மெட்ராஸ்லருந்து பார்ட்டி வராங்க...

ஹெச்டிஎம்எல் கோடா? நோட்பேட்ல தெறந்தேன், பக்கம் பக்கமா அது பாட்டுக்கு ஓடுது... எனக்கெப்படித் தெரியும்? நான் மவுஸால படத்த இழுத்து வெச்சேன், சாஃப்ட்வேரே எழுதிக்கிச்சு...

தெரியும். சொன்னே. கையால எழுதிப் பழகுன்னு நூறு தடவ சொன்னே. நீ ஆறு மாசமாக் கையால எழுதற, ஒரு பக்கம் முடிச்சியா? நான் மூணே நாள்ல... சரி. சரி, கத்தல. வெச்சிடாத! வெச்சிடாதப்பா... பயமா இருக்கு.

...வஸ்தானு சார், வந்துடறேன், ரெண்டே நிமிஷம்!... மொதலாளி. வாசல்ல நின்னு கடிகாரத்தப் பாக்கறாரு.

சொல்லு... 'ஐஎம்ஜி'ன்னு தேடணுமா... இரு... இருக்கு! படிக்கறேன். ஃபைல்... மூணு சாய்ஞ்ச கோடு... சி... மை டாகுமென்ட்ஸ்... மல்கோவா டாட் ஜேபிஜி... என்னது? அது நம்ம சென்டர் கம்ப்யூட்டரோட விலாசமா? படத்தப் பக்கத்துலயே வெச்சிகிட்டு ஓசூர்ல இருக்கறதா நெனச்சுத் தேடுதா!... ம்... ம்... பழத்தோட பேர மட்டும் விட்டுட்டு முன்னால எல்லாத்தையும் அழிக்கணும்... சேவ்...

வந்திரிச்சு! தீர்த்தகிரி, மல்கோவா வந்திரிச்சு!... ஆமா, இன்னும் ஏழு... அழிச்சேன்... அடுத்தது... நீ பேசாத, விட்டுப் போயிடும்...

எட்டும் வந்திரிச்சு.

...சார்? எதுங்க சார்?... ஐயோ.

தீர்த்தகிரி, அல்போன்சான்னு எழுதுன எடத்துல பெங்களூரா மாம்பழப் படத்த வெச்சிருக்கேன். இந்த ஊர்ல பொறந்துட்டு கிளிமூக்குக் காய அல்போன்சாங்கறியான்னு கேக்கறாரு... நாற்காலிய இழுத்துப் போட்டுப் பக்கத்துலயே உக்காந்துட்டாரு. எம்முன்னாலயே மாத்துங்கறாரு... சாஃப்ட்வேர் இங்க எங்க இருக்கு?...

இல்ல... வேணாம், நீ சொல்லாத. எந்த வரின்னு எனக்குத் தெரியும். வெச்சிடறேன்.