ஜன்னலுக்கு வெளியே நின்ற டீச்சர்

மேடையில் இருக்கும் பெரியோர்களே, உடன் பணியாற்றும் ஆசிரியர்களே, இடமில்லாமல் வாசல்வரை நிற்கும் பெற்றோர்களே, முன்வரிசையில் ஆறாத துயரோடு அமர்ந்திருக்கும் டீச்சரின் கணவர் அவர்களே, வணக்கம். தலைமையாசிரியராக இந்த ஒலிவாங்கியின் முன் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். இன்று டீச்சருக்கு அஞ்சலி சொல்ல நிற்கிறேன்.

காது கேளாத பிள்ளைகளின் ஆசிரியை, நம் 'கண்ணாடி டீச்சர்', போய்விட்டார். அந்தப் பெயர் எப்படி வந்தது? நோய் பரவிப் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது நாமெல்லாம் துணியால் வாயை மறைத்தோம். அவர் மட்டும் கண்ணாடி போன்ற தாளை முகத்தில் மாட்டிக்கொண்டார். பிள்ளைகள் உதட்டைப் பார்க்க வேண்டுமே!

கைப்பேசியில் பாடம் தொடங்கியது. நாலாம் வகுப்பில் காது கேளாத ஒரு சிறுமிக்கு மட்டும் அதில் ஒன்றும் விளங்கவில்லை. "ஒரு பிள்ளைக்காக எல்லாத்தையும் மாத்த முடியுமா?" என்று ஆசிரியர் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"மத்தவங்களுக்கு வீட்ல பேச ஆள் இருக்கு சார். அவளுக்குப் பேச்சுன்னா பள்ளிக்கூடம்தான். அதையும் நாம பூட்டிட்டோம்" என்றார் டீச்சர்.

மறுநாளே அவள் வீடு இருக்கும் சந்துக்குப் போனார். ஜன்னல் கம்பிக்கு உள்ளே சிறுமி, வெளியே சாக்கடை ஓரமாக டீச்சர். கணக்குப் பாடம் நடந்தது. பிறகு அவளுடைய அப்பாவைக் கூப்பிட்டார். லாரிப் பட்டறை வைத்திருப்பவர்.

"அவளுக்குச் சொல்லிக் குடுங்க டீச்சர், என்னை ஏன் இழுக்குறீங்க? இந்த வயசுல கையை ஆட்டிக்கிட்டு நின்னா தெருவே சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே. உங்க பொண்ணு கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னா?"

"தண்ணி கேட்டா."

"அது கேட்டது. சொன்னது என்ன?"

அடுத்த நாள் அந்த மனிதர் மனைவியோடு ஜன்னலுக்கு வந்து நின்றார். சைகை மொழியில் 'மகள்' என்று காட்டப் போய் வேறெதையோ காட்ட, சிறுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம்!

சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம், அவள் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கைகளால் கேட்டாள்: "நான் வகுப்புல உலக உருண்டையை உடைச்சேன். அதனாலதான் பள்ளிக்கூடத்தை மூடிட்டாங்களா?"

அன்பர்களே! இத்தனை நாள் அந்தக் குழந்தை இதைச் சுமந்துகொண்டிருந்தாள். டீச்சரிடம் கேட்கப் பயம். அப்பாவிடம் கேட்கலாம், ஆனால் அப்பாவுக்கு மொழி தெரிய வேண்டுமே! தெரிந்த சைகைகளை வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "நீ இல்லை. நோய். எல்லாருக்கும் பூட்டு." சொல்லிவிட்டுத் தேம்பி அழுதாராம்.

"அவ இதைச் சுமந்துக்கிட்டு இருக்க, நான் கணக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கேன் சார்" என்று டீச்சர் என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து எல்லா வீட்டுக்கும் அவரிடமிருந்து அழைப்பு போகும். வீட்டுப்பாடம் முடிந்ததா என்றா கேட்டார்? இல்லை! "பள்ளிக்கூடம் ஏன் மூடியிருக்குன்னு பிள்ளைக்கு யாராவது சொன்னீங்களா?" என்றுதான் கேட்டார். பள்ளி திறந்த பிறகு, பெற்றோருக்கான சனிக்கிழமை சைகை வகுப்பையும் தொடங்கினார்.

அந்தச் சிறுமி இப்போது உயர்நிலைப் பள்ளி மாணவி. இதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். என் பேச்சை மேடை ஓரத்தில் நின்று கையால் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பவர், அவள் அப்பா. தம்பி, நான் வேகமாகப் பேசினால் நிறுத்துங்கள்.

டீச்சரே! சனிக்கிழமை வகுப்பு நிற்காது. இனி எந்தக் காரணத்துக்காகப் பள்ளி மூடினாலும், முதல் வேலையாக ஒவ்வொரு வீட்டுக்கும் போய், ஏன் என்று பிள்ளைக்குப் புரியும் மொழியில் சொல்வோம். இது உறுதி. வருகிற சனிக்கிழமை வகுப்பை அந்த அப்பாதான் எடுக்கிறார். சைகையில் என் பெயரைக்கூடச் சொல்லத் தெரியாத நான், முதல் பெஞ்சில் உட்காரப் போகிறேன்.