குகைக்குள் பிடித்த கை

மாலை நாலேகால் மணி. குன்னூருக்குக் கீழே, மலை ரயில் போகிற ஒற்றைத் தண்டவாளம். கடைசி வண்டி இறங்கிப் போய் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. இனி மறுநாள் காலைவரைக்கும் அந்தப் பக்கம் எதுவும் வராது... வண்டி எதுவும் வராது.

நம்ம சினேகாவின் நாத்தனார் ஜென்சிக்கு நடந்தது இது. சினேகாவும் கூட இருந்தாள். அந்த ஒரு விளக்கு எரியட்டும், அணைக்க வேண்டாம்.

ஜென்சிக்கு முப்பத்திரண்டு வயது. சேலையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீடு செம்பாக்கத்தில், ஏரிக்கரையை ஒட்டி. புருஷன் துரைக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. போன வருஷம் ஒரு நாள், வயிற்றில் ஐந்து மாசம், அவளுக்கு வலி கண்டுவிட்டது. துரைக்குப் போன் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, அது அவளுக்கும் தெரியும். தனியாக ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். குழந்தை தங்கவில்லை.

அதற்கப்புறம் செம்பாக்கம் வீட்டுக்கு அவள் திரும்பவே இல்லை. படப்பையில், தம்பி எபியும் சினேகாவும் இருக்கிற வீட்டிலேயே எட்டு மாசம் தங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் துரை மூன்று பெஞ்சு தள்ளி உட்காருவான். பேச்சு வார்த்தை கிடையாது.

எபிதான் இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தான். "ரெண்டே நாள்க்கா. ரயில்ல போறோம், கொஞ்சம் நடக்கறோம், வந்துடறோம். மாமாவும் வராரு. பேசணும்னு கட்டாயமில்ல."

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஏறும்போது ஜென்சி ஒரு ஜன்னல், துரை எதிர் ஜன்னல். ஒவ்வொரு குகை வரும்போதும் பெட்டியில் இருந்த பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். இவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இருட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு டீ எஸ்டேட் வழியாக நடக்கப் போனார்கள். போனது நன்றாகத்தான் இருந்தது. திரும்பும்போது பனிமூட்டம் இறங்கிவிட்டது. நாலடிக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. எஸ்டேட் பாதை எங்கேயோ தப்பிப்போய், தண்டவாளத்தில் வந்து நின்றார்கள். அதில் நடக்கக் கூடாதுதான். ஆனால் பிடித்துக்கொண்டே போனால் ஊர் வந்துவிடும்.

முன்னால் குகை. வாயில் பாசி. உள்ளேயிருந்து காற்று... ஈரக் கல்லும், எண்ணெய்ப் புகையும், வௌவால் எச்சமும் கலந்த காற்று.

துரை யாரையும் பார்க்காமல் முதல் ஆளாக உள்ளே போய்விட்டான். பின்னால் எபியும் சினேகாவும், ஒரே போன் வெளிச்சத்தில். கடைசியில் ஜென்சி. அவள் போனில் சார்ஜ் இல்லை. குகை நடுவில் வளைகிறது. வளைவில் எபியின் வெளிச்சமும் மறைந்துவிட்டது.

சொட்... சொட்... என்று எங்கேயோ தண்ணீர். காலடியில் ஜல்லி நொறுங்குகிறது. ஜென்சி சுவரைத் தடவித் தடவி நடந்தாள்.

அப்போது இடது கையை ஒரு கை பிடித்தது.

அகலமான கை. சில்லென்று இருந்தது. ஆனால் பிடித்த விதம்... கட்டைவிரலால் புறங்கையை மெதுவாகத் தேய்க்கிற விதம்... துரையேதான். தனக்காக நின்று, இருட்டில் பின்தங்கி வந்திருக்கிறான் என்று நினைத்தாள். எட்டு மாசத்தில் முதல் தடவை. முகம் தெரியாத இருட்டு அவளுக்குத் தைரியம் கொடுத்தது.

"உங்க மேல தப்பு இல்ல துரை," என்றாள். "எனக்கு அன்னிக்கே தெரியும். யார் மேலயாவது கோவப்படணும் போல இருந்துச்சு. வேற யாரும் இல்ல... உங்க மேல போட்டுட்டேன்."

கை மட்டும் ஒரு தடவை அழுத்தியது.

அழுதுகொண்டே நடந்தாள். வளைவு திரும்பியது. எதிரே வெள்ளையாகக் குகை வாய். வெளியே பனியில் மூன்று பேர் நிற்கிறார்கள். எபி. சினேகா. அவர்களுக்கும் அப்பால், ஷூவில் ஒட்டிய சேற்றைக் கல்லில் தேய்த்துக்கொண்டு, துரை.

ஜென்சியின் இடது கையை அப்போதும் அந்தக் கை பிடித்திருந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கத்தவும் வாய் வரவில்லை. வெளிச்சத்துக்கு இன்னும் ஐந்து எட்டு. ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு விரல் விட்டது. சுண்டுவிரல்... மோதிர விரல்... நடுவிரல்... ஆள்காட்டி விரல்... கடைசியாகக் கட்டைவிரல், புறங்கையை ஒரு தடவை தேய்த்துவிட்டு விட்டது.

"என்னக்கா இப்படி நடுங்கற?" என்று கேட்டான் எபி. குளிர் என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் ரயிலில் இறங்கினார்கள். ஜென்சி தானாகவே போய்த் துரை பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் குகை வந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். பயத்தில் அவன் கையைப் பிடித்தாள். சூடான கை. நிஜமான கை.

துரை அவள் காதருகே குனிந்தான். "நேத்தும் இப்படித்தான் பிடிச்சே. நான் அவ்வளவு பேசினேன், நீ ஒரு வார்த்தை சொல்லலியே ஜென்சி."

"எங்க?"

"குகையில. பின்னாடியிருந்து வந்து என் கையைப் பிடிச்சியே. வெளிய வந்து பாத்தா நீ இல்ல. வெக்கப்பட்டுகினு நீ சினேகா கூட நின்னுட்டியோன்னு நினைச்சேன்."

வண்டி வெளிச்சத்துக்கு வந்தது. ஜென்சியின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கும் சிரிப்பு போய்விட்டது.

"நீங்க என்ன பேசினீங்க?"

துரை கீழே ஓடுகிற பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"வீட்டுக்கு வந்துடுன்னு சொன்னேன். 'போதும், நம்ம வீட்டுக்கு வந்துடு'ன்னு. சரின்னு கையை அழுத்தினே... இல்ல, அது அழுத்துச்சு."

இப்போது அவர்கள் வண்டலூரில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். சேர்ந்துதான் இருக்கிறார்கள், சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். சொந்த வீட்டை ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், ஏரிப் பக்கம் கொசு ஜாஸ்தி என்பான் துரை. சினேகாவிடம் மட்டும்தான் ஜென்சி உண்மையைச் சொன்னாள்.

ஊரிலிருந்து வந்து இறங்கிய காலை. தாம்பரம் ஸ்டேஷனில் எபியும் சினேகாவும் படப்பை பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். இவர்கள் இரண்டு பேரும் ஆட்டோ பிடித்தார்கள். "இன்னா சார், ஊட்டியா? குளிரு எப்டி கீது?" என்று பேசிக்கொண்டே வந்தார் டிரைவர். நல்ல வெயில். ஏரிக்கரையில் ஜனங்கள் வாக்கிங் போகிறார்கள். எதிர்வீட்டில் குக்கர் விசில். பயப்படுகிற மாதிரி ஒன்றுமே இல்லை. ரயிலில் பேசியதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்றுகூட ஜென்சிக்குத் தோன்றியது. எட்டு மாசத்துக்கு அப்புறம் தன் வீட்டு வாசலில் நிற்கிறாள்.

துரை சாவியைப் போட்டுத் திருப்பினான். பூட்டு திறந்தது.

கதவு திறக்கவில்லை.

தோளால் முட்டினான். மேலே லேசாக ஆடியது, நடுவில் அசையவில்லை. இன்னொரு தடவை முட்டினான். பிறகு கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தான். பின்கதவை உள்ளே பூட்டிவிட்டு, முன்கதவு வழியாகத்தான் அவன் ஊருக்குக் கிளம்பியிருந்தான். ஆனால் இப்போது முன்கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

இரண்டு பேரும் மூச்சு விடாமல் நின்றார்கள். கதவிடுக்கிலிருந்து சில்லென்று ஒரு காற்று... ஈரக் கல் வாசனை.

யாரும் கதவைத் தட்டவில்லை. காலிங்பெல்லை அடிக்கவில்லை.

உள்ளே, தாழ்ப்பாள் மெதுவாக விலகியது.