பிரிக்காத மாலைப் பொட்டலம்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தொழிற்சங்கத் தலைவர் காத்தவராயன் அவர்களே, போதகர் ஐயா அவர்களே, புத்த சங்கத்துப் பெரியவர்களே, காலை ஷிப்டு முடிந்து வீட்டுக்கும் போகாமல் நேராக இங்கே வந்து நிற்கும் தோழர்களே, தாய்மார்களே! இந்த ஏனோக் வாத்தியார் மைக்கைப் பிடித்தால் யாரையாவது திட்டாமல் இறங்க மாட்டான் என்று உங்களுக்குத் தெரியும். இன்று எனக்குத் திட்டவும் தெம்பில்லை. சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான நம் ஸ்கெலட்டன் லைனின் பள்ளித் தலைமையாசிரியை வின்னி அம்மையார் மறைந்துவிட்டார். என் வகுப்புக்குப் பக்கத்து வகுப்பில் இத்தனை வருஷம் கேட்ட குரல் இனிமேல் கேட்காது. அதை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது, அவ்வளவுதான்.

யார் இந்த வின்னி டீச்சர்? சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் பிள்ளைக்கும் பட்டம் படித்தவர்தான் பாடம் சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்! நாம் அன்றைக்குச் சிரித்தோமே, மறந்துவிட்டதா? பி.ஏ. படித்தவனுக்குப் பெங்களூர் இருக்கிறது, பம்பாய் இருக்கிறது. இந்தத் தகரக் கொட்டகைக்கு எவன் வருவான் என்று கேட்டோமே! "வரமாட்டான்னா நம்மதான் போயி புடிச்சாரணும் வாத்தியாரே" என்றார் டீச்சர்.

பிடித்தும் வந்தார்! நம் லைன் வழக்கம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலேஜில் தேறி வருகிற பிள்ளையைச் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனிலேயே மாலை போட்டு, பேண்டு செட்டோடு வீடுவரை அழைத்து வருவோம். அந்தக் கூட்டத்தில் டீச்சரும் ஒரு சாமந்தி மாலையோடு நிற்பார். கழுத்தில் போட்டுவிட்டுத்தான் கேட்பார்: "ஒரே ஒரு வருசம் நம்ம புள்ளைங்களுக்குக் குடு கண்ணு." லைனே பார்த்துக்கொண்டிருக்கும்போது எவன் முடியாது என்பான்? இதோ மேடையில் மீசையோடு உட்கார்ந்திருக்கிறாரே அறிவியல் ஆசிரியர் சுந்தரராஜ், இவர் அந்த மாலைக்குப் பயந்து முந்தின ஸ்டேஷனான உரிகத்திலேயே இறங்கி நடந்து வந்த மகானுபாவர்! அங்கேயும் டீச்சர் நின்றிருந்தார். சிரியுங்கள் சுந்தரராஜ், டீச்சருக்கு அது பிடிக்கும்.

ஆனால் ஒரு வருஷம் அந்த மாலை ஒரு குடும்பத்தைச் சுட்டுவிட்டது. தர்மராஜ் என்று ஒரு பிள்ளை. அப்பாவுக்கு நெஞ்செல்லாம் சுரங்கத் தூசி, வேலைக்குப் போக முடியாமல் படுக்கையில் கிடந்தார். பெங்களூரில் தர்மராஜுக்கு வேலை காத்திருந்தது. அது தெரியாமல் டீச்சர் மாலையைப் போட்டுவிட்டார். அவனும் ஊர் பார்க்கிறதே என்று தலையை ஆட்டிவிட்டான். வேலை கைவிட்டுப் போனது. அப்பாவும் அந்த வருஷமே போய்விட்டார். அவன் அம்மா பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்று கத்தினதை நான் கேட்டேன். "எம் புள்ள கழுத்துல மாலையா போட்டீங்க? எங்கூட்டு அடுப்புல தண்ணிய ஊத்திட்டீங்க!"

டீச்சர் ஒரு சமாதானமும் சொல்லவில்லை. "தப்பு என்னுதுதாம்மா" என்றார். அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டார்.

அதற்குப் பிறகு மாலையை வாழை இலையில் கட்டிப் பொட்டலமாகத்தான் எடுத்துப்போவார். ஸ்டேஷனில் வாழ்த்து மட்டும் சொல்வார். மறுநாள் வீட்டுக்குப் போய், அம்மா அப்பாவை வைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்பார். சரி என்றால் பொட்டலம் பிரியும். முடியாது என்றால் அது பிரியாமலே பள்ளிக்குத் திரும்பி வரும். ஆசிரியர் இல்லாத வகுப்பின் கரும்பலகை ஆணியில் அந்த மாலையை மாட்டிவைப்பார். காசு கொடுத்து வாங்கின பூவை எறிய மனசு வராது அவருக்கு. ஆணியில் மாலை தொங்கினால் அந்த வகுப்புக்கு வாத்தியார் இல்லை என்று பிள்ளைகளுக்குப் புரிந்துபோயிற்று. பள்ளி திறக்கிற அன்று எட்டிப் பார்த்து, "இன்னா டீச்சர், இந்த வருசமும் மாலைதானா?" என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

போன வெள்ளிக்கிழமை அதே சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷன் பெஞ்சில்தான் அவர் உயிர் பிரிந்தது. ரயில் வந்து நின்றது, பிள்ளைகள் இறங்கினார்கள், பேண்டு முழங்கியது. டீச்சர் மட்டும் எழுந்திருக்கவில்லை. மடியில், இதோ என் கையில் இருக்கிற இந்தப் பொட்டலம் இருந்தது. கட்டின நார் கட்டினபடியே இருக்கிறது, பாருங்கள்.

இதை அவர் படத்துக்குப் போடுங்கள் என்று காலையிலிருந்து எத்தனை பேர் என்னிடம் சொல்லிவிட்டீர்கள்! போட மாட்டேன். படத்துக்கு உங்கள் மாலைகள் போதும். இது உயிரோடு இருக்கிற ஒரு பிள்ளையின் கழுத்துக்காக வாங்கினது. யாருக்காக என்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது. திரும்பிப் பார்க்காதீர்கள்! யோவ், பின்னால் இருக்கிறவர்களே, தேடாதீர்கள் என்கிறேன்! பேரைச் சொல்லி இங்கேயே கேட்டால் அந்தப் பிள்ளை முடியாது என்று சொல்லுமா? சொல்லாது. ஊர் நடுவில் நிறுத்தி ஒரு பிள்ளையின் வாயை அடைப்பதைத்தான் டீச்சர் தப்பு என்று விட்டார். அவர் இரங்கல் கூட்டத்திலேயே அதை நான் செய்வேனா?

நாளைக்குச் சாயங்காலம் நானே அந்த வீட்டுக்கு வருகிறேன். இந்தப் பூ வாடிவிட்டது, கையில் புது மாலை இருக்கும், பொட்டலமாகத்தான் இருக்கும். டீச்சர் கேட்க நினைத்ததை நான் கேட்பேன். வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி முடியாது என்றால், ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு பட்டம் வாங்கின அடுத்த பிள்ளை வீட்டுக்குப் போவேன். கோபப்பட மாட்டேன். நான் கோபப்படாமல் இருப்பதைவிடப் பெரிய அஞ்சலி டீச்சருக்கு என்ன இருக்கிறது?

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. இந்த வருஷம் ஆசிரியர் இல்லாத ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ளே வந்ததும் முதலில் அந்த ஆணியைத்தான் பார்ப்பார்கள். அதில் மாலை தொங்காமல் பார்த்துக்கொள்வது இனிமேல் என் வேலை. போய் வாங்க, டீச்சர்.