மூன்றரை அடியில் கண்ட துருக்கறை

பெயரும் முகவரியும் முதல் தாளில் தனியே குறிக்கப்பட்டுள்ளன. வயது ஐம்பத்து மூன்று. கிராமத்து வீடுகளில் செப்டிக் டேங்க் அமைக்க மண்ணும் நிலத்தடி நீரும் ஏற்றவையா என்று பார்த்து அறிக்கை கொடுப்பது என் தொழில். இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். யாரும் அழைக்காமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

சென்ற கோடையில் என் தங்கை வீட்டில் மண் பார்க்கப் போனேன். அவளோடு வசிக்கும் மகளுக்கு அப்போது எட்டாவது மாதம். கழிப்பறை கொல்லைக்கோடியில் இருந்ததால், குழந்தை பிறப்பதற்குள் வீட்டுக்குள்ளேயே ஒன்று வேண்டும் என்று தங்கை ஒற்றைக்காலில் நின்றாள். முதல் நாள் மூன்று சிறு குழிகள் தோண்டி, நீர் நிரப்பி மண்ணை ஊற விட்டேன். மறுநாள் காலை மறுபடியும் நீர் ஊற்றி, அரை மணியில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று அளந்தேன். அதில் குறை எதுவும் இல்லை.

அதன் பிறகு ஆள் வைத்து ஆறடிப் பள்ளம் வெட்டி உள்ளே இறங்கினேன். தங்கையும் அவள் கணவரும் மேலே நின்றார்கள். தங்கை டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். மூன்றரை அடிக்குக் கீழே மண் சாம்பல் நிறமாகி, அதில் துருப்பிடித்தாற்போல் செம்புள்ளிகள் இருந்தன. பள்ளம் காய்ந்துதான் கிடந்தது. ஆனால் அந்தக் கறை இருந்தால், மழைக்காலத்தில் நீர் அதுவரை ஏறி நிற்கிறது என்று பொருள். அங்கே கழிவுநீரை விட்டால் மண்ணில் வடிகட்டப்படாமல் கிணற்றுக்குப் போய்விடும். இதை இருவருக்கும் சொன்னேன்.

தங்கையின் கணவர் சிரித்தார். "பள்ளத்துல பொட்டுத் தண்ணி இல்ல. மண்ணுக்கும் ஜாதகம் பாக்குறீங்களா மச்சான்?" என்றார். தங்கை, "புள்ளத்தாச்சிப் பொண்ணு ராவும் பகலும் கொல்லைக்கு நடக்குறா. ஊருக்கெல்லாம் எழுதிக் குடுக்குற, எனக்குன்னா மட்டும் சட்டம் பேசுறியேண்ணே" என்றாள்.

வேறொருவர் கேட்டிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன். பள்ளத்தின் சுவரை டேப்போடு படமெடுத்து அறிக்கையில் இணைப்பது வழக்கம். மேல்மண்ணை நீர் விட்டுக் குழைத்து, கறை தெரியாதபடி பூசிவிட்டுப் படமெடுத்தேன். ஆறடி வரை நீர் ஏறிய அடையாளம் இல்லை என்று எழுதினேன். கொத்தனார் அந்த அறிக்கையில் காட்டிய இடத்தில், காட்டிய ஆழத்தில் தொட்டியையும், அதிலிருந்து வழியும் நீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சுகுழியையும் கட்டினார். தொட்டி முடிந்ததும் விளிம்பு வரை நீர் நிரப்பி ஒரு நாள் விட்டுப் பார்த்தோம். மட்டம் குறையவில்லை.

மழை தொடங்கிய மூன்றாவது வாரம் தங்கை மகள் போன் செய்தாள். "மாமா, கிணத்துத் தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குது. குடிக்கலாமா?" என்று கேட்டாள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. "மழை பெஞ்சா கிணறு கலங்கத்தான் செய்யும்" என்றேன். அதன் பிறகு சாப்பிட உட்கார்ந்தேன், சாப்பிட்டேன். ஒன்பது நாள் கழித்து அவளுடைய ஐந்து மாதக் குழந்தை வயிற்றுப்போக்கில் ஆஸ்பத்திரியில் இறந்தது. பெண் குழந்தை. நான் வீட்டுக்குப் போனபோது பால் புட்டிகள் கழுவி ஜன்னலில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. எனக்கு அழுகை வரவில்லை. இன்று வரை வரவில்லை.

தொட்டி ஒழுகியதாகத் தங்கையின் கணவர் கொடுத்த புகாரில் கொத்தனார் நான்கு நாட்களாகக் காவலில் இருக்கிறார். இங்கே வரப்போவதாக நேற்று தங்கையிடம் சொன்னேன். "கொத்தனார் யாரோ எவரோ. நீ என் கூடப்பொறந்தவன். எம் பொண்ணு மூஞ்சில நான் எப்படிண்ணே முழிப்பேன்?" என்றாள். கொத்தனார் மீது எந்தத் தவறும் இல்லை.

இவ்வளவும் எழுதப்பட்ட பின் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கடைசியில், இது என் கவனக்குறைவால் நேர்ந்தது என்று ஒரு வரி இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. அதை அடிக்கச் சொன்னேன். அதிகாரி, "யோசிச்சுச் சொல்லுங்க, அந்த வரி உங்களுக்கு நல்லதுதான்" என்றார். கவனித்தேன், தெரிந்தே மறைத்தேன் என்று எழுதச் சொன்னேன். மற்றவை எல்லாம் உண்மை என்பதற்கு அடியில் ஒரு கையெழுத்தும், அடித்துத் திருத்திய வரிக்குப் பக்கத்தில் ஒரு கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.